கொல்லிப்பாவையும் வலியறியாக் கைகளும்

கொல்லிமலைக்குச் சங்கப் பாடல்கள் தந்த பெருமைகள் இரண்டு. ஒன்று வல்வில் ஓரி. மற்றொன்று பாவை. கபிலரும் பரணரும் வேறு சில புலவரும் தலைவியின் அழகுக்கு ஒப்புச் சொல்ல நேரும்போதெல்லாம், இம்மலையின் மேற்குச் சரிவில் நின்ற பாவையொன்றைக் குறுந்தொகைக்கும் நற்றிணைக்கும் அழைத்து வருகின்றனர். அதைச் செய்தது தெய்வம் என்கிறது ஒரு பாட்டு. பூதம் என்கிறது இன்னொரு பாட்டு. காற்று மோதினாலும், இடி இடித்தாலும், நிலமே நடுங்கினாலும் அதன் வனப்புக் குன்றுவதில்லையாம். நகைத்து மயக்கி, நெருங்கி வந்த அரக்கரைக் கொல்லும் இயந்திரமாக அப்பாவை வளர்ந்தது பிற்காலக் கதைகளில்தான். எழுபதுகளில் ஒரு சிற்றிதழுக்குக் 'கொல்லிப்பாவை' என்று பெயரிட்டவர்கள் இவ்விரண்டில் எந்தப் பாவையை நினைத்திருப்பார்கள் என்று நாம் வியந்ததுண்டு.

தமிழ் இலக்கியத்தில் பொறிகளுக்குக் குறைவில்லை. சிலப்பதிகாரத்து மதுரையின் மதில் மேல் பகைவரைத் தாக்கும் பொறிகள் வரிசையாக நிற்கின்றன. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க, வயிற்றுக்குள் வீரரை மறைத்துவைத்த யானைப்பொறி வருகிறது. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயையைச் சுமந்துகொண்டு மயிற்பொறி பறந்து, சுடுகாட்டில் இறங்குகிறது. கொல்லுதல், சிறைப்பிடித்தல், தப்பித்தல் ஆகிய மூன்றுக்கும் பொறி உண்டு. நோயுற்ற உடலைத் தொட்டுக் குணப்படுத்தும் பொறியொன்றை நம் காப்பியங்களில் நாம் கண்டதில்லை. கண்டவர் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் ஒரு திராட்சைப் பழம்.

எங்கள் குழுவில் பொறியியல் படித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் பள்ளி வயதில் படித்துவிட்டு, ஜீனோவைப் போல ஒரு நாய்க்குட்டி செய்யத் தொடங்கி, பாதியில் விட்டவர். சில மாதங்களுக்கு முன், அறுவை சிகிச்சை ரோபோவின் கையை வீட்டிலேயே செய்து காட்டுவதாகச் சவால் விட்டார். பழுதான அச்சுப்பொறிகள் இரண்டைக் காயலான் கடையில் வாங்கி, அவற்றின் மோட்டார்களைக் கழற்றினார். மூட்டுகளை முப்பரிமாண அச்சில் வார்த்தார். விரல்களை இழுப்பதற்கு மீன்பிடி நரம்பு. அந்நரம்பு ஓடும் உறைக்கு மிதிவண்டிப் பிரேக் கம்பியின் மேலுறை. கண்ணுக்குப் பதில் ஒரு மலிவுக் கேமரா. மொத்தச் செலவு ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள் அடங்கிவிட்டது. மேசையின் இப்பக்கம் நண்பர் விரலை அசைக்க, அப்பக்கம் பிளாஸ்டிக் விரல் அசைந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அறுவை ரோபோக்களை விற்பவர் தம் இயந்திரத்தின் நுட்பத்தைக் காட்டத் திராட்சையின் தோலை உரித்துக் காட்டுவது வழக்கம். நண்பரும் ஒரு திராட்சையை வைத்தார். பிளாஸ்டிக் விரல் மெல்ல நெருங்கியது, பற்றியது, நசுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி நசுங்கியது. பன்னிரண்டு திராட்சைகளுக்குப் பின் அவர் சொன்னது: "கை நல்லாத்தான் இருக்கு. புடிச்சிருக்கோம்னு அதுக்குத் தெரியலை."

இதே சொற்களை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன் வேலூரில் ஒருவர் மனிதக் கைகளைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். அவர் பிறந்த இடம் கொல்லிமலை. அவரிடம் செல்லுமுன் இயந்திரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

'ரோபோ' என்னும் சொல்லே இலக்கியம் ஈன்றது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அச்சொல் பிறந்தது. அதை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய ஓவியச் சகோதரர் யோசெப். அறுவை அறைக்குள் ரோபோ நுழைந்தது 1985-இல். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், மூளையிலிருந்து திசு எடுக்க வேண்டிய ஊசியைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ள ஓர் எந்திரக் கரத்தைப் பயன்படுத்தினர். 'பூமா' என்ற அக்கரம் மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டதே அன்று. தொழிற்சாலையில் பாகங்களைக் கோக்கப் பிறந்தது. ஆக, கிடைத்ததைக் கொண்டு செய்துபார்ப்பது இத்துறையின் பிறவிக் குணம். எங்கள் நண்பர் அச்சுப்பொறியைப் பிரித்தது மரபுக்கு மாறானதல்ல.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அனுமதி பெற்ற 'டா வின்சி' இயந்திரம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மருத்துவர் நோயாளியைத் தொடுவதில்லை. சற்றுத் தள்ளி, ஒரு பேழைக்குள் தலையைக் கவிழ்த்து அமர்ந்து, விரல்களை அசைக்கிறார். நோயாளியின் வயிற்றுக்குள் சிறு துளைகள் வழியே சென்ற கருவிகள் அவ்வசைவைச் சிறிதாக்கி, நடுக்கத்தை வடிகட்டிச் செய்கின்றன. கருவியின் நுனியில் ஒரு மணிக்கட்டு இருக்கிறது. அதை இயக்குவன மெல்லிய கம்பி வடங்களும் அவை ஓடும் கப்பிகளும். அக்கருவிகள் பெரும்பாலும் பத்து முறை பயன்படுத்தப்பட்டதும், உள்ளிருக்கும் சில்லு கணக்கை முடித்து அவற்றை முடக்கிவிடும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. விலை பல கோடி ரூபாய். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டபோது ஆன செலவு சுமார் 35 கோடி. மாநில அரசு அதைச் செய்தது பாராட்டத்தக்கது என்றே நாம் கருதுகிறோம். எனினும் அத்தொகை கண்ணை உறுத்தாமல் இல்லை.

விலையைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்தன. ஓய்வு பெற்ற முதல் தலைமுறை டா வின்சிகளின் கரங்களைப் பெற்று, கட்டுப்பாட்டு மின்னணுவியலைத் தாமே புதிதாய் எழுதி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் 2012 முதல் ஆய்வுக்கருவியாக்கிக்கொண்டன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் 'ரேவன்' என்ற ரோபோவும் ஆய்வுக்கூடங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹரியானாவின் குருகிராமிலிருந்து 'மந்த்ரா' என்ற இந்திய ரோபோ 2022-இல் வெளிவந்தது. பழைய கரம், புதிய கரம், மலிவுக் கரம் என்று கரங்கள் பெருகின. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றின் குறை எங்கள் நண்பரின் பிளாஸ்டிக் விரலின் குறைதான். பற்றியிருப்பது கல்லா கல்லீரலா என்பது கைக்குத் தெரியாது. திசு எவ்வளவு குழிகிறது, நூல் எவ்வளவு விறைக்கிறது என்று கண்ணால் பார்த்தே மருத்துவர் அழுத்தத்தை ஊகிக்கிறார். அழுத்தத்தை மருத்துவரின் விரலுக்குத் திருப்பி உணர்த்தும் டா வின்சி, 2024-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தமிழில் பொறி என்றால் இயந்திரம். பொறி என்றால் புலனும்தான். ஐம்பொறிகளில் முதலாவது மெய். தொல்காப்பிய மரபியலின் கணக்குப்படி புல்லுக்கும் மரத்துக்கும் உரிய ஓரறிவு, தொடு உணர்வு. கண் முதலிய மற்றவை அதன் மேல் ஒவ்வொன்றாய்ச் சேர்பவை. பல கோடி பெறும் இவ்வியந்திரத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண் இருந்தது, புல்லின் அறிவு இல்லாதிருந்தது.

நிற்க. கொல்லிமலைக்குப் போவோம்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய இளந்தம்பதியர் 1913-இல் சேந்தமங்கலத்தில் மணமுடித்துக்கொண்டு மலையேறினர். இருவரும் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவர்கள். அப்போது சாலை கிடையாது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும் மலைக்கு நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். வாழவந்தி என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த மரவீட்டை ஜெஸ்ஸி சமவெளியிலேயே துண்டுதுண்டாகச் செய்து, சுமையாட்கள் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பொருத்தினார். அவர் மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்களில் ஓராண்டுப் பயிற்சி மட்டும் பெற்றவர். தச்சு, கொத்து, பல் பிடுங்குதல், புண்ணுக்கு மருந்திடுதல் எல்லாம் அவர் கைவேலை. அவ்வீட்டில் 1914 ஜூலை 17-இல் பிறந்தவர் பால் பிராண்ட்.

சிறுவன் பால் கண்ட மருத்துவக் காட்சிகளில் ஒன்றை அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். மலைவாழ் மக்களை அக்காலத்தில் வாட்டியது நரம்புச் சிலந்தி நோய். குடிநீர் வழியே உடலுக்குள் சென்ற புழு, ஓராண்டில் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கித் தலைநீட்டும். அதைச் சட்டென்று இழுக்கலாகாது. அறுந்தால் உள்ளே மிஞ்சிய பகுதி சீழ்பிடித்து ஆளையே முடக்கிவிடும். ஜெஸ்ஸி அதை ஒரு குச்சியில் சுற்றுவார். இழுவை கூடவும் கூடாது, தளரவும் கூடாது. அறுபடும் எல்லை விரலுக்குத் தெரிய வேண்டும். மறுநாள் இன்னும் சிறிது. இப்படி நாள்கணக்கில். கிணறுகளுக்குச் சுவர் எழுப்பி, நீரில் கால் படாமல் மொள்ளச் செய்தால் நோயே வராது என்றும் அவர் ஊர்தோறும் சொல்லித் திரிந்தார். இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில்.

ஒன்பது வயதில் பால் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மறுபடி பார்க்கவில்லை. 1929-இல் கொல்லிமலையில் கருநீர்க் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்தார். மகனுக்கு மருத்துவத்தின் மேல் ஆசையில்லை; சீழும் இரத்தமும் மலையிலேயே போதும் போதும் என்றாகிவிட்டன. தந்தையைப் போலக் கட்டடம் கட்ட விரும்பி, தச்சு, கொத்து வேலைகளில் சில ஆண்டுகள் தொழில் பழகினார். உளியின் கூர் எவ்வளவு அழுத்தத்துக்கு மரத்தில் இறங்கும், கயிறு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பவை அவர் கையில் படிந்தன. அதன் பிறகே மருத்துவம். போர்க்காலத்து லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்த உடல்களைத் தைத்துக் கற்றுக்கொண்டார். 1946-இன் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்தார்.

மறு ஆண்டு செங்கற்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது நிகழ்ந்தது அவருடைய வாழ்வின் திருப்பம். அங்கிருந்த ராபர்ட் காக்ரேன் தோல் நோய் வல்லுநர். அவர் பிராண்டிடம் ஒரு குறையைச் சொன்னார். தொழுநோயாளரின் தோலைப் பார்க்க ஆள் உண்டு, மடங்கிப்போன கைகளைப் பார்க்க எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரும் இல்லை. விரல்கள் கொக்கி போல மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. நகங்கள் சதையில் இறங்கின. பிராண்ட் வலியில் துடித்தார். பிடித்தவருக்கோ தாம் வலி உண்டாக்குகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு கைகுலுக்கலில் பிற்கால வேலை முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். செத்த கை என்று ஊர் ஒதுக்கிய கைக்குள் வலிய தசை உயிரோடு இருக்கிறது. இது முதற்பாதி. அத்தசைக்கு அளவு தெரியவில்லை. இது மறுபாதி. முதற்பாதியை அவர் உடனே பிடித்துக்கொண்டார். மறுபாதி விளங்க ஆண்டுகள் ஆயின.

மனிதக் கையின் விரலுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, விரலெலும்பை ஒட்டிய கப்பிகள் போன்ற வளையங்களுக்குள் ஓடி நுனியை இழுக்கின்றன. டா வின்சியின் கம்பி வடமும், நண்பரின் மீன்பிடி நரம்பும் இந்த ஏற்பாட்டின் நகல்களே. உள்ளங்கைக்குள் சில சிறுதசைகள் உண்டு. விரலை நேராக நிறுத்தி, பெருந்தசையின் இழுப்பைச் சமன்செய்பவை அவை. தொழுநோய் உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அருகே ஓடும் நரம்பை அது தாக்கும்போது செயலிழப்பவை இச்சிறுதசைகள். சமன் கெட்டு விரல் கொக்கியாகிறது.

ஆகவே தேவைப்பட்டது பழுதான கருவியில் உதிரிபாகம் மாற்றுவது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் இருக்கின்றன. ஒன்று போனாலும் விரல் மடங்கும். மோதிர விரலின் அந்த உபரி நாணை அறுத்தெடுத்து, இழைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியே புதிய பாதையில் செலுத்தி, மற்ற விரல்களில் தைத்துவிட்டால், இறந்த சிறுதசையின் வேலையை உயிருள்ள பெருந்தசை ஏற்றுக்கொள்ளும். வேறு நரம்பு சிதைவுகளுக்கு இம்முறை முன்பே இருந்தது. தொழுநோய்க் கைகளில் இதை முறையாக ஆராய்ந்து, 1948 முதல் வேலூரில் செய்யத் தொடங்கியவர் பிராண்ட். தொழுநோயாளரின் சதை ஆறாது என்ற நம்பிக்கை நிலவிய காலம் அது. ஆறியது.

இதில் கடினமானது வெட்டுவதன்று; நாணைத் தைக்கும்போது எவ்வளவு இழுத்துத் தைப்பது என்பதே. இறுக்கினால் விரல் மறுபுறம் வளையும். தளர்த்தினால் கொக்கி அப்படியே நிற்கும். தழும்பு திசுவோடு ஒட்டிக்கொண்டால் நாண் ஓடாது. கொல்லிமலையில் புழுவைச் சுற்றிய குச்சி இங்கே நினைவுக்கு வருவது எங்களுக்கு மட்டுந்தானா என்று தெரியவில்லை. பிற்காலத்தில் இந்த இழுவிசைகளையும் நாண் ஓடும் தொலைவுகளையும் அளந்து, கையின் இயக்கவியல் குறித்து அவர் 1985-இல் ஒரு நூலே எழுதினார். கையறுவை மருத்துவர் மட்டுமின்றி, எந்திரக் கை செய்ய விழைவோரும் படிக்கத் தக்கது.

கை திருந்திய பின் கதை முடிந்துவிடவில்லை. குணமாகிப் போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பினர். திருந்திய கைக்குப் பிச்சை விழவில்லை. தழும்பைப் பார்த்து எவரும் வேலையும் தரவில்லை. எனவே கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் மண் குடிசைகளும் ஒரு தச்சுப் பட்டறையும் எழுந்தன. நவஜீவ நிலையம் என்று பெயர். பிராண்ட் தாமே உளி பிடித்துக் கற்றுக்கொடுத்தார். மரப்பொம்மைகள் செய்து விற்றனர். தம் பழைய தொழில் வீண்போகவில்லை என்று அவர் மகிழ்ந்திருந்த வேளையில், திருத்திய கைகளில் புதிய புண்கள் தோன்றலாயின. விரல்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன.

விரல் தானே உதிர்வது இந்நோயின் இயல்பு என்றே அதுவரை நம்பப்பட்டது. பிராண்ட் நம்பவில்லை. துப்பறிவாளர் போல ஒவ்வொரு காயத்தையும் தொடர்ந்தார். ஒருநாள், துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க இயலாதிருக்க, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவன் வலுவுள்ளவனல்லன், நிறுத்தச் சொல்லும் வலி அவனுக்கு இல்லை, அவ்வளவே. சுத்தியல் பிடித்தவர் தேவைக்குப் பன்மடங்கு இறுக்கிப் பிடித்தார். சிலருடைய விரல் இரவோடிரவாகக் காணாமற்போன மர்மத்துக்குக் காவலிருந்து விடை கண்டனர்: எலி. கடித்தது தெரியாமல் உறங்கியிருக்கிறார்கள். அதன்பின் வீடு திரும்பும் ஒவ்வொருவரோடும் ஒரு பூனையை அனுப்புவது வழக்கமாயிற்று. மருத்துவ வரலாற்றில் இதனினும் மலிவான கருவி உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

நோய் உறுப்பைத் தின்பதில்லை, வலியின்மைதான் தின்கிறது. இதுவே பிராண்டின் பெருங்கண்டுபிடிப்பு. இங்கிலாந்துப் பயணமொன்றில், ஓர் இரவு தம் குதிகாலில் ஊசியால் குத்திப் பார்த்து உணர்வில்லாமல் போக, தமக்கும் நோய் தொற்றிவிட்டது என்று விடியும்வரை கலங்கிக் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலித்தது. நெடும் பயணத்தில் கால் மரத்திருந்தது மட்டுமே காரணம். அந்த வலிக்கு அவர் நன்றி சொன்னார். கால்களைக் காக்க அவரும் வேலூரிலும் கரிகிரியிலும் இருந்த அவருடைய தோழரும் நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்யலாயினர். இன்று சர்க்கரை நோயாளருக்குத் தமிழகமெங்கும் மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். பணமும் பொறியாளர்களும் அங்கே கிடைத்தனர். மரத்த கைக்கு மின்னணு வலியைச் செய்து மாட்ட முனைந்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அறியும் சிறு உணரிகள். அளவு மீறினால் காதில் ஒலி கேட்கும். நோயாளர்கள் ஒலியைக் கேட்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். ஒலியை மாற்றி, உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். அது வலித்தது. எனவே ஆபத்தான வேலை தொடங்குமுன் அவர்கள் கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். உணரிகளோ விலை மிக்கவை, விரைவில் தேய்ந்துபோயின. பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. இத்தோல்வியைப் பிராண்ட் தம் வலி குறித்த நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அணைக்க முடியாதது என்பதில்தான் வலியின் பயன் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஒரு தோல்வியிலிருந்து இவ்வளவு பெற்றவர் சிலரே.

எங்கள் நண்பர் அடுத்ததாகப் பிளாஸ்டிக் விரல்நுனியில் மலிவான அழுத்த உணரி ஒன்றை ஒட்டினார். திராட்சை பிழைத்தது. ஆனால் உணரி நான்கே நாளில் தளர்ந்து, தொடாதபோதே தொட்டதாகச் சொல்லத் தொடங்கியது. கார்விலின் கதையை அவருக்குச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து விரலின் அழுத்தத்தைக் கணக்கிட முடியுமா என்று பார்க்கிறார். உண்மையான மனித உடலுக்கு அருகே அக்கை ஒருநாளும் போகாது என்பதில் அவருக்கும் ஐயமில்லை. கை செய்வது மலிவு. கையை நம்புவதற்கு வேண்டிய சோதனை மலிவன்று.

மலிவுப் பொருளால் அறுவை சிகிச்சைக்கு வந்த வெற்றிகள் வேறு வகையானவை. அங்கெல்லாம் உணரும் கை மனிதனுடையதாகவே இருக்கிறது. பொருள் மட்டும் மாறுகிறது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல் கண்ணுக்குள் பொருத்திய முதல் செயற்கை வில்லை, போர் விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் வினைபுரியாமல் கிடந்ததைக் கண்டு பிறந்தது. மகாராஷ்டிரத்தின் தோண்டைச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் குடலிறக்க அறுவைக்குக் கொசுவலைத் துணியை நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தினார். உகாண்டாவில் முந்நூறு பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, ஓராண்டு முடிவில் கொசுவலைக்கும் நூறு டாலருக்கு மேல் விலையுள்ள வலைக்கும் வேறுபாடில்லை என்றது. வேலூரில் பயின்ற ஜே. ஞானராஜ் வடகிழக்கு மாநிலங்களின் முகாம்களில், வயிற்றை வாயுவால் உப்பச் செய்வதற்குப் பதில் ஓர் எளிய தூக்கியால் வயிற்றுச் சுவரை உயர்த்தி நுண்துளை அறுவை செய்தார். வாயு உருளை வேண்டாம், முழு மயக்கமும் வேண்டாம். முதுகில் போடும் ஊசி போதும்.

எல்லாவற்றிலும் எங்களுக்கு நெருக்கமானது மதுரை கோ. வெங்கடசாமியின் கதை. முப்பது வயதில் முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணின. அறுவைக் கத்தியைப் பிடிக்க மீண்டும் பழகி, தம் கைக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, அக்கைகளாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். பிராண்ட் பார்த்தவை வலியற்ற கோணல் விரல்கள். இவருடையவை வலி மிகுந்த கோணல் விரல்கள், அளவு தப்பியதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் தோன்றிய ஆரோலேப், நூறு டாலருக்கு மேல் விலை கொடுத்து இறக்குமதியான வில்லையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது.

ஈவ்லின் பிராண்ட் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் இங்கிலாந்து திரும்பவில்லை. எழுபதை நெருங்கும் வயதில் கொல்லிமலைக்கே போனார். மட்டக்குதிரையேறி அடுத்தடுத்த மலைகளுக்கும் சென்று, மருந்துப் பெட்டியோடு மலையாளி மக்களிடையே வாழ்ந்து, 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார். வாழவந்தியில் கணவருக்கு அருகே அவரைப் புதைத்தனர். மகன் 2003 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டிலில் காலமானார்.

கடந்த முறை நாங்கள் செம்மேட்டில் இறங்கியபோது, பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர் இருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பலாக்காய் இறக்கும்போது அரிவாள் பட்டதாம். நாமக்கல்லில் தையல் போட்டார்கள் என்றார். நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-இல். ஓமந்தூரார் ரோபோ வந்ததும் அதே ஆண்டுதான். "வலிக்குதா அய்யா?" என்று கேட்டோம். "வளைவுக்கு வளைவு வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக் காட்டினார். ஐந்தும் அசைந்தன.